வெள்ளை போர்டு காரும் செல்ஃப் டிரைவ் வாடகையும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

காரை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பெருநகரங்களைத் தாண்டிச் சிறிய ஊர்களுக்கும் பரவிவிட்டது. கல்யாணத்துக்கு, குலதெய்வம் கோயிலுக்கு, தீபாவளிக்குச் சொந்த ஊருக்கு, கொடைக்கானலுக்கு என்று குடும்பங்கள் எடுக்கின்றன. அந்தக் கார் இரண்டு வழிகளில் வருகிறது. உரிமம் பெற்று, சொந்தமாகப் பல கார்களை வைத்து நடத்தும் வாடகை நிறுவனம் ஒரு வழி. யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் நிற்கும் கார், ஒரு செயலி மூலமாகவோ வாட்ஸ்அப் குழு மூலமாகவோ நம் கைக்கு வருவது இன்னொரு வழி. எது நல்லது என்று கேட்டு வரும் உறுப்பினர்கள் பெரும்பாலும் வாடகையை வைத்தே கேட்கிறார்கள். வாடகையில் இரண்டாவது வழி பல நேரம் மலிவுதான். ஆனாலும் எங்கள் நிலைப்பாடு இது: இன்றைய சட்டத்தின் கீழ் வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அதே நேரம், தனி ஒருவர் தன் காரை முறைப்படி வாடகைக்கு விட அரசு வழி திறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்தால் எங்கள் கருத்து திரிந்துவிடும்.

நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி, பேச்சு வழக்கில் ஓன் போர்டு. மஞ்சளில் கறுப்பு எழுத்து டி போர்டு, அதாவது டாக்ஸி. கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாடிக்கையாளரே ஓட்டிச் செல்ல உரிமம் பெற்று விடப்படும் கார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆவது பிரிவின் கீழ் 1989இல் வந்த வாடகைக் கார் திட்டம்தான் இந்த உரிமத்துக்கு அடிப்படை. உரிமம் கேட்பவரிடம் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள 50 கார்களாவது இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். இருசக்கர வாகனங்களுக்கு 1997இல் தனித் திட்டம் வந்தது. அதில் ஐந்து வண்டிகள் போதும். ஆக, ஐந்து ஸ்கூட்டர் வைத்திருப்பவர் நேர்வழியில் தொழில் செய்யலாம், நாற்பது கார் வைத்திருப்பவரால் முடியாது. 1989இல் இந்த வரம்புக்கு நியாயம் இருந்திருக்கலாம். பெரிய நிறுவனம் என்றால் முதல் இருக்கும், பழுது பார்க்க இடம் இருக்கும், ஏதாவது நடந்தால் போய் நிற்க ஓர் அலுவலகம் இருக்கும். இன்றைக்கு அதே வரம்பு ஒரு கார், இரண்டு கார் வைத்திருப்பவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

அப்படி வெளியே ஓடும் வண்டியால் என்ன நேரும் என்பதை 2024 டிசம்பரில் கேரளம் பார்த்தது. ஆலப்புழை அருகே களர்கோட்டில், மழை பெய்த இரவில், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சென்ற கார் அரசு பஸ்ஸுடன் மோதியதில் ஆறு மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கார் தனியாருடையது, வாடகைக்குக் கொடுக்கப்பட்டது என்று மோட்டார் வாகனத் துறை கண்டறிந்து நடவடிக்கை எடுத்தது. பிறகு அந்த மாநிலப் போக்குவரத்துத் துறை 50 கார் விதியை எடுத்துச் சொல்லி, தனியார் பதிவுள்ள வண்டியைப் பணத்துக்கு விடுவது சட்டவிரோதம் என்று எச்சரித்தது. மழை, பார்வைக் குறைவு, வண்டியில் ஏறியிருந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் விபத்தின் காரணங்களாகப் பேசப்பட்டன. போர்டின் நிறம் எந்த விபத்தையும் உண்டாக்குவதில்லை. விபத்துக்குப் பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்பதைத்தான் அது குழப்பிவிடுகிறது.

அந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தனியார் கார் பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பகுதி உண்டு. பலர் அதைப் படிப்பதே இல்லை. வாடகைக்கு விட்டால் காப்பீடு பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கும். விபத்து நடந்ததும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவார். ஓட்டியவர் யார், உரிமையாளருக்கு என்ன உறவு, வண்டி எப்படி அவர் கைக்குப் போனது என்று கேட்பார். ஜிபேயில் போன தொகையும் வாட்ஸ்அப் பேச்சும் வாடகைதான் என்று காட்டிவிட்டால் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். நொறுங்கிய காரின் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அவர் முன்பே எழுதி வாங்கிய ஒப்பந்தத்தைக் காட்டி அதை ஓட்டியவர் தலைக்கு மாற்றப் பார்ப்பார்.

வெளியாள் ஒருவர் அடிபட்டால் நிலைமை இன்னும் கடுமை. மூன்றாம் நபர் காப்பீடு 146ஆவது பிரிவின்படி கட்டாயம்தான். ஆனால் 150ஆவது பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சில தற்காப்புகளைக் கொடுத்திருக்கிறது. பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்குப் பயன்படுத்தியது அவற்றில் ஒன்று. பெர்மிட் இல்லாமல் ஓடுவது சட்டத்தின் அடிப்படையையே மீறுவது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவையும் உறுதி செய்தது. அடிபட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நீதிமன்றங்கள் கண்ட இந்த வழியை வரவேற்கிறோம். ஆனால் வசூல் யாரிடம் நடக்கும்? கார் லோன் டியூவைக் கட்ட வழியில்லாமல் வார இறுதியில் வண்டியை வாடகைக்கு விட்டவரிடம். தீர்ப்பாயம் இருபது லட்சம் ரூபாய் விதித்தால் அவர் குடியிருக்கும் வீடு வரை போகும். இதற்கு மேல் 192-ஏ பிரிவின்படி பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் தனியே இருக்கின்றன.

உரிமையாளருக்கு வரும் ஆபத்து விபத்தோடு முடிவதில்லை. வாடகைக்கு வாங்கிப் போன காரை அடகு வைத்துவிட்டு ஆள் காணாமல் போகும் மோசடி நம் ஊர்களில் பழக்கமான செய்தியாகிவிட்டது. போலீசுக்குப் போனால், வண்டி திருடு போகவில்லையே, நீங்களே நம்பித்தானே கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். இன்சூரன்ஸ் தரப்பும் அதே வாதத்தை எடுக்கும். வண்டியில் கஞ்சா பிடிபட்டால், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி உரிமையாளர் மீதே இருக்கிறது. நிரூபிக்காவிட்டால் வண்டி பறிமுதலாகும். ஒரு வார வாடகைக்காக இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், தனியார் கார்ப் பகிர்வை அடியோடு தடை செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வாடகை நிறுவனங்கள் விமான நிலையத்தையும் பெரிய நகரங்களையும் சுற்றியே நிற்கின்றன. சிறிய ஊரில் இருப்பவருக்கு நாலு தெரு தள்ளி நிற்கும் ஒருவரின் கார்தான் கைக்கு எட்டும். சக்கர நாற்காலி வைக்க இடமுள்ள வண்டியோ, எட்டுப் பேர் உட்காரும் வண்டியோ, ஆட்டோமேட்டிக் கியரோ தேவைப்பட்டால் நிறுவனத்திடம் அன்றைக்கு இருப்பதைத்தான் எடுக்க முடியும். தனியாரிடம் தேடினால் கிடைக்கும். வருஷத்தில் சில நாள் மட்டும் கார் தேவைப்படும் குடும்பம் கடன் வாங்கிக் கார் வாங்காமல் இருக்கலாம். வாங்கி நிறுத்தியவருக்கும் டியூவில் ஒரு பங்கு தேறும். தொழிலும் அந்தத் திசையில்தான் போகிறது. பெங்களூரில் 2013இல் தொடங்கிய ஜூம்கார் முதலில் தன் கார்களையே வாடகைக்கு விட்டு வந்தது. பிறகு கார் வைத்திருப்பவர்களையும் கார் தேடுபவர்களையும் இணைக்கும் சந்தையாக மாறியது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. ஒரு தொழில் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டிருக்க, அதை ஆளும் விதி 1989இலேயே நிற்கிறது என்பதுதான் எங்கள் வருத்தம்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இணையத் தளங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வரையறை பயணியை ஓட்டுநரோடு இணைக்கும் தளத்தைப் பற்றியே பேசுகிறது. செல்ஃப் டிரைவில் ஓட்டுநரே கிடையாது. ஆகவே ஓலா, ஊபர் போன்றவற்றுக்கு உள்ள உரிமக் கட்டுப்பாடு கார்ப் பகிர்வுத் தளங்கள்மேல் நேராகப் பொருந்துவதில்லை.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்த அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயன் தரும். கலிபோர்னியா 2010இலேயே தனிச் சட்டம் இயற்றியது. கார் வாடகையில் இருக்கும் நேரத்துக்குப் பகிர்வுத் தளம் காப்பீடு தர வேண்டும், காரைப் பகிர்ந்துகொண்டார் என்பதற்காக மட்டும் உரிமையாளரின் சொந்தப் பாலிசியை நிறுவனம் ரத்து செய்யக்கூடாது என்று அது சொன்னது. நியூயார்க்கில் அப்போது அப்படிச் சட்டம் இல்லை. பின்னாளில் டூரோ என்று பெயர் மாறிய ரிலேரைட்ஸ் என்ற கார்ப் பகிர்வுத் தளம், காப்பீட்டுக் கட்டுப்பாட்டாளரின் எதிர்ப்பால் 2013இல் அங்கே கடையை மூடியது. புதிய சட்டம் வந்த பிறகு 2022இல்தான் அந்தச் சேவை அங்கே திரும்பியது. இரண்டு மாநிலங்களிலும் பிரச்சினை வாடகையைப் பற்றியோ காரின் தரத்தைப் பற்றியோ இல்லை. சாவி கைமாறும் நேரத்திலிருந்து திரும்பி வரும் நேரம் வரை வண்டிக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றித்தான்.

நாங்கள் கேட்பதும் அதைத்தான். 50 கார் வரம்பை மத்திய அரசு நீக்க வேண்டும். ஒருவர் தன் பெயரில் உள்ள இரண்டு கார்கள் வரை, எளிய பதிவோடு, செல்ஃப் டிரைவுக்கு மட்டும் விட அனுமதி வேண்டும். அதற்கு மேல் போனால் அது முழுத்தொழில், டாக்ஸிக்காரர் கட்டும் வரியையும் எஃப்.சி.யையும் அவரும் கட்டட்டும். டி போர்டு ஓட்டுநர் சங்கங்கள் ஓன் போர்டு வாடகைக்கு எதிராகக் குரல் கொடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது. பெர்மிட்டுக்கும் வரிக்கும் வருஷா வருஷம் செலவழிப்பவரின் பிழைப்பை, எதுவுமே கட்டாதவர் பறிப்பது தவறு. அதனால்தான் எண்ணிக்கைக்கு வரம்பு கேட்கிறோம். காரோடு ஓட்டுநரையும் அனுப்பினால் இந்த அனுமதி உடனே ரத்தாக வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை நாங்கள் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக் காப்பீடு இருக்க வேண்டும். மூன்றாம் நபர், வண்டிச் சேதம், உள்ளே இருப்பவர்கள் மூன்றும் அதில் அடங்க வேண்டும். பிரீமியத்தைக் கட்டுவது தளத்தின் பொறுப்பு. பாலிசி எண்ணும் நிறுவனத்தின் பெயரும் பணம் கட்டும் முன்பே திரையில் தமிழில் தெரிய வேண்டும். சில தளங்கள் 'பாதுகாப்புத் திட்டம்' என்ற பெயரில் வசூலிக்கும் தொகை பல நேரம் காப்பீடே கிடையாது. சேதத் தொகையில் ஒரு பகுதியைக் கேட்காமல் விடுகிறோம் என்ற வாக்குறுதி மட்டும்தான். வாங்குபவர் அதை இன்சூரன்ஸ் என்று நம்பி ஓட்டுகிறார். இந்தப் பெயர் மயக்கத்தை விதியால் நிறுத்த வேண்டும்.

உரிமம் பெற்ற நிறுவனங்களைப் புகழ்வதும் எங்கள் நோக்கம் இல்லை. அவர்களிடம் வண்டி நடுவழியில் நின்றால் மாற்று வண்டி கேட்கலாம், பெர்மிட் இருக்கிறது, காப்பீடு செல்லும். ஆனால் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுப்பது, பழைய கீறலைப் புதிய கீறலாகக் காட்டி வசூலிப்பது, ஐந்தாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்கு இருபதாயிரம் கேட்பது ஆகிய புகார்கள் இரண்டு தரப்பின்மீதும் வருகின்றன. அளவுக்கு மீறிய டெபாசிட்டையும், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே பெயரிட்டுச் சொல்கிறது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகார் தர மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐயாயிரம் ரூபாய் டெபாசிட்டுக்காகத் தென்கோடியிலிருந்து ஒருவர் அவ்வளவு அலைவாரா? மாவட்ட ஆணையமே இதை விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. "நாங்கள் இடைத்தரகர் மட்டும்தான்" என்று தளம் ஒதுங்கினால், 2020 மின்வணிக விதிகளைக் காட்டுங்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அதில் கட்டளை இருக்கிறது.

விதிகள் மாறும் வரை உறுப்பினர்களுக்குச் சொல்வது இதுதான். காரை எடுக்கும் முன் ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சாவி வாங்கும்போது காரைச் சுற்றி வந்து, டயர், கண்ணாடி, பம்பர், ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் அளவு எல்லாம் தெரிய வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே எடுங்கள். தெரிந்தவர் மூலமாகத்தானே வருகிறது என்று ஓன் போர்டு வண்டியை வாங்காதீர்கள். உங்கள் வண்டியை யாராவது பணம் கொடுத்துக் கேட்டால், நெருங்கிய உறவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்தில் சிக்கியவர்கள் எங்களிடம் வரலாம், கண்டிக்க மாட்டோம். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் 134ஆவது பிரிவின்படி ஓட்டியவரின் கடமை. நண்பரின் கார் என்று எழுதிக் கொடுத்துவிடு, கிளெய்ம் வந்துவிடும் என்று அருகில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்படி எழுதிக் கொடுத்த பொய் பிறகு பணப் பரிமாற்றத்தால் உடைந்து, நஷ்டத்தோடு மோசடி வழக்கையும் சேர்த்துக் கொண்டுவரும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். வாடகை ரசீது, செயலியின் பதிவு, போட்டோக்கள் எதையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள்.