விருந்தாளியா, வீட்டுக்காரனா?

“ராப் என்பது வெறும் கூச்சல்! அதிலும் ஒருவன் பாட்டுக்குள் இன்னொருவன் நுழைந்து நாலு வரி கத்திவிட்டுப் போவதற்குப் பெயர் கலையா?” என்று கேட்கிறார்கள், கலைக்கும் குலம் கோத்திரம் பார்க்கும் கனவான்கள். கேட்கட்டும்! கேள்வி பகுத்தறிவுக்குப் பகையன்று. பதிலுக்குச் செவி மறுப்பதே பகை.

விருந்தாளியாக வந்து பாடும் பகுதிக்கு ஓர் உரைகல் உண்டு. அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நின்றால், வந்தவர் ஒப்புக்கு வந்தவர். சரிந்தால், வந்தவர் தூண்!

1991இல் அமெரிக்காவின் மெயின் சோர்ஸ் குழுவினர், ‘லைவ் அட் தி பார்பெக்யூ’ பாட்டின் முதற்பகுதியை, இருபது வயதும் நிரம்பாத, உலகம் அறியாத நாஸ் என்ற இளைஞனிடம் ஒப்படைத்தனர். இன்று அப்பாட்டை நினைப்போர் அவனையே நினைக்கின்றனர். 2001இல் ஜே-ஸீ தம் ‘ரெனிகேட்’ பாட்டுக்கு எமினெமை அழைத்தார். “அழைத்தவரை வந்தவர் விஞ்சிவிட்டார்” என்று பேச்சு எழுந்தது. அதைச் சொல்லியே நாஸ் அவரைக் குத்தினார். ஆயினும் அப்பாட்டு இருவர் பெயரோடும் நிற்கிறது. தன்னை வெல்லக்கூடியவனை அழைக்கும் துணிவே கூட்டுப்பாட்டின் முதல் இலக்கணம்.

இரண்டாம் இலக்கணத்துக்கு அமெரிக்கா செல்ல வேண்டா. எங்கள் ஏனாத்தூருக்கு அருகே, காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவர், கரை நாடாவைத் தள்ள மற்றொருவர். உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும். நிறமோ தன் நிறமாகவே நிற்கும். கரைந்து காணாமற் போவதன்று கூட்டு; தன் நிறம் கெடாமல், பிரிக்க முடியாதபடி பிணைவதே கூட்டு!

இவ்விரு இலக்கணமும் அமைந்த தமிழ்ப் பாட்டு, 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீயும் அறிவும். அரக்கோணத்து அறிவு, ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடி வளர்ந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும் நிலமற்றே நின்ற தலைமுறையின் துயரை, பாட்டி வள்ளியம்மாளின் நினைவோடு, ஒப்பாரியின் சாயலில் எழுதினார். தீயின் குரலில் காடு கூவிற்று. அறிவின் குரலில் காடு திருத்தியவன் கணக்குக் கேட்டான். ஒன்றை எடுத்தால் மற்றது ஊமை!

அந்தப் பாட்டின் தலைப்பில் அறிவு ‘ஃபீச்சரிங்’, அதாவது விருந்தாளி! எழுதியவன் விருந்தாளி என்றால், வீட்டுக்காரன் யார்?

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். ‘என்ஜாய் எஞ்சாமி’க்கும் ‘நீயே ஒளி’க்கும் பாட்டெழுதிய அறிவு எங்கே என்று இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்தபின் அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில், சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இன்றியே ஒலித்தது. படைப்பில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு கூறினர். அறிவின் பங்கைத் தாம் குறைத்ததில்லை என்றார் தீ. அவர்கள் வழக்கை அவர்கள் பேசட்டும்.

நம் வழக்கு பழக்கத்தின்மீது! சேலைப் பெட்டியில் கடையின் பெயர் மின்னுகிறது. நெய்தவன் பெயரை எவர் கேட்டார்? கட்டடத்தில் திறந்துவைத்தவர் பெயர்; கல் சுமந்தவள் பெயர் எங்கே? உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை வாசலில் நிறுத்துவது இந்நாட்டின் நெடுநாள் நோய். அந்த நோய் புதிய பாட்டுக்குள்ளும் புகுந்தால், புதுமை எதற்கு?

தோழர்களே! கல்லூரி விழாவில் கூட்டுப்பாட்டை ஒலிக்கவிடும்போது, எழுதியவர், பாடியவர், இசைத்தவர் பெயர்களை உரக்கச் சொல்லுங்கள். குரலுக்குக் கைதட்டிவிட்டுக் குரலுக்குரியவனை மறப்பது இரசனையன்று, சுரண்டல்!