வாப்பாவின் பிளேன் எது?

முற்றத்தில் விளையாடும் பிள்ளை அண்ணாந்து பார்த்து, "உம்மா, அந்தா வாப்பாட பிளேன்!" என்று கைகாட்டுகின்றது. வளைகுடாவில் தொழில் செய்யும் தந்தையர் உள்ள வீடுகளில் இது புதிதல்ல. "ஓம் மகன்" என்று சொல்லிவிட்டு உம்மாவும் குசினிக்குத் திரும்பி விடுகின்றார். அந்த "ஓம்" சரிதானா, சகோதரிகளே?

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தூரப் பயணம் போகும் விமானம் சுமார் 35,000 அடி, அதாவது 10 கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தில் பறக்கின்றது. 70 மீற்றர் நீளமான போயிங் 747 கூட, நேரே தலைக்கு மேல் வந்தாலும், கையை நீட்டிப் பிடித்த ஒரு சம்பா அரிசியின் அளவுக்கே தெரியும். முழு நிலவைவிடவும் அது சிறியது. அந்த அரிசியில் எந்த நிறத்தைப் பார்ப்பது, எந்த எழுத்தை வாசிப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பக்கத்தில் உள்ள பொருளின் தூரத்தை இரு கண்களும் சேர்ந்து அளந்துவிடும். வெறும் வானில் அது நடவாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தென்னை மரமோ கூரையோ அங்கில்லை. எனவே தாழப் பறக்கும் சிறு விமானமும் உயரப் பறக்கும் பெரிய விமானமும் ஒரே அளவாகத் தோன்றும். காதையும் நம்ப முடியாது. ஓசை நம்மிடம் வந்து சேர அரை நிமிடமளவு செல்லும். அதற்குள் விமானம் ஏழெட்டுக் கிலோமீற்றர் போய்விடும்.

பின்னால் நீளும் வெண்கோடுகள் பிரிந்து தெரிந்தால், இயந்திரம் இரண்டா நான்கா என ஓரளவு சொல்லலாம். அவ்வளவுதான். (பிறை பார்ப்போரும் கவனிக்க: மறையும் சூரியனின் ஒளிபட்டால் அதே வெண்கோட்டின் சிறு துண்டு பிறையென மயக்கும்.)

அப்படியானால் வாப்பாவின் விமானம்? கிழக்கு மாகாணத்து வீட்டின் மேலே அவ்வளவு உயரத்தில் போவது பெரும்பாலும் இலங்கையில் இறங்காமலே கடந்து செல்வது. கட்டுநாயக்க இருப்பது மேற்குக் கரையில். வளைகுடாவிலிருந்து வருவது பொதுவாக அந்தப் பக்கமாகவே வந்து, தாழ்ந்து, இறங்கிவிடும்.

பிள்ளைதானே என்று பொய் சொல்ல வேண்டாம். "தெரியாது மகன், தேடிப் பார்ப்போம்" என்றால் போதும். விமானங்கள் தாமே அனுப்பும் வானொலிச் செய்தியைக் கொண்டு, எது எங்கே போகின்றது என்பதை இன்று கைத்தொலைபேசியே படத்தில் காட்டுகின்றது. வாப்பா லீவில் வரும்போது விமான இலக்கத்தைக் கேட்டு வையுங்கள். அது கடலைத் தாண்டி வருவதைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும்.