98 சென்ட்டும் ஓர் இசைத்தட்டும்

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துக்குள் நுழைய அன்று 98 சென்ட் கொடுத்தால் போதும். கூடவே ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்ததும், சேர்ந்திருந்த தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு மைதானத்தில் வெடி வைத்துத் தகர்த்தார் ஸ்டீவ் டால் என்ற வானொலித் தொகுப்பாளர். கூட்டம் சுமார் 50,000 பேர். ஆயிரக்கணக்கானவர்கள் வேலியைத் தாண்டி உள்ளே பாய்ந்து புல்தரையைப் பிய்த்தார்கள், தீ மூட்டினார்கள். போலீஸ் வந்து கலைத்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 14 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது ‘பேட் கேர்ள்ஸ்’ என்ற டிஸ்கோ பாடல். ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. பாடியவரும், எழுதிய நால்வரில் ஒருவரும் டோனா சம்மர் என்ற கறுப்பினப் பெண்.

அந்த வெடிப்பைப் பற்றி ஸ்டீவ் டால் இன்றுவரை சொல்வது ஒன்றுதான்: அது இசை ரசனை சார்ந்த கேலி, நிறவெறியோ பால்வெறுப்போ அதில் இல்லை. அவர் வேலை பார்த்த முந்தைய நிலையம் டிஸ்கோவுக்கு மாறியபோது வேலையை இழந்தவர் அவர். அந்தக் கோபம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அன்று மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன், பின்னாளில் இசைத் தயாரிப்பாளரானவர், வேறொன்றைப் பார்த்தார். குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்தன. வாசலில் அவற்றையும் டிஸ்கோ கணக்கில் வாங்கிக்கொண்டார்கள். டிஸ்கோ எது, சோல் எது என்று பிரிக்கத் தெரியாத ஒருவருடைய வெறுப்பை இசை ரசனை என்று எப்படி ஏற்பது?

டிஸ்கோ வளர்ந்தது நியூயார்க்கின் இரவு விடுதிகளில். கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் ஒருவரையொருவர் தொட்டு ஆட முடிந்த இடங்கள் அவை. எதிர்த்தவர்கள் பயன்படுத்திய சொற்கள் ‘போலி’, ‘செயற்கை’, ‘இது இசையே இல்லை’. நிறவெறியையும் சாதியையும் ஒன்றாக்கும் அவசரம் எனக்கில்லை. ஆனாலும் ‘அசல்’, ‘தூய’ என்ற சொற்கள் எங்கே கேட்டாலும் யார் பேசுகிறார், யாரை வெளியே தள்ளுகிறார் என்று பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதானே.

டோனா சம்மர் 1948 டிசம்பர் 31 அன்று பாஸ்டனில் பிறந்தார். இயற்பெயர் லடோனா ஏட்ரியன் கெய்ன்ஸ். அப்பா இறைச்சி வெட்டுபவர், அம்மா ஆசிரியை, ஏழு பிள்ளைகள். பத்து வயதில் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார். பிறகு நியூயார்க்கில் ஒரு ராக் குழு. ‘ஹேர்’ இசை நாடகத்தின் ஜெர்மன் தயாரிப்பில் இடம் கிடைத்ததும் 1968இல் மியூனிக் போனார். ஜெர்மன் மொழி கற்றார், அந்த மொழியிலேயே மேடையேறினார். ஹெல்முத் சோமர் என்ற ஆஸ்திரிய நடிகரை மணந்தார். தட்டின் உறையில் ‘சோமர்’ பிழையாக ‘சம்மர்’ என்று அச்சாகி, அதுவே நிலைத்துவிட்டது.

மியூனிக்கில் பின்னணிக் குரல் கொடுக்கப் போன இடத்தில்தான் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மோரோடரையும் பீட் பெலோட்டையும் சந்தித்தார். இங்கிருந்துதான் எனக்கு எரிச்சல் தொடங்குகிறது. டோனா சம்மரைப் பற்றிய பல கட்டுரைகளில் மோரோடர் மேதை, டோனா அவர் கையில் கிடைத்த குரல். 1975இல் வந்த ‘லவ் டு லவ் யூ பேபி’யின் கருவான வரியை மோரோடரிடம் கொண்டு போனவரே டோனாதான். 1977இல் வந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாடலுக்கு எழுதியவர்கள் மூவர், அதில் அவரும் ஒருவர். கிட்டத்தட்ட முழுக்க மூக் சிந்தசைசரில் செய்த அந்தப் பாடல், பிரையன் ஈனோ டேவிட் போவியிடம் ஓடிவந்து எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லும் அளவுக்குப் புதிதாக இருந்தது. ஈனோவும் போவியும் இயந்திரத்தைத் தொட்டால் அது பரிசோதனை. டோனா பாடினால் ‘இயந்திர இசை, உயிரில்லை’. கேட்டுப் பாருங்கள்: அசையாமல் துடிக்கும் அந்த இயந்திரத்துக்கு மேலே, மூச்சு எங்கே நீள வேண்டும், எங்கே கரைய வேண்டும் என்று முடிவெடுப்பது அவர் தொண்டை.

கேசபிளாங்கா நிறுவனமோ அவரைக் ‘காதலின் முதல் பெண்மணி’ என்று விற்றது. 17 நிமிடம் நீளும் அந்த முதல் பாட்டின் முனகலை வைத்தே ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலைச் சந்தைப்படுத்தினார்கள். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவருக்கு அது தாங்கவில்லை. புகழின் உச்சியில் ஒரு விடுதி அறையில் தற்கொலைக்கு முயன்றதையும், அறையைச் சுத்தம் செய்யும் பெண் உள்ளே வந்ததால் பிழைத்ததையும் 2003இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

‘பேட் கேர்ள்ஸ்’ பிறந்த விதமும் இதோடு சேர்ந்தது. அவரிடம் வேலை பார்த்த பெண் ஒருவர் தெருவில் நடந்து போகும்போது, பாலியல் தொழிலாளி என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் மடக்கினார். அந்த அவமானத்திலிருந்து எழுதியது அது. தெருவில் நிற்கும் பெண்களிடமிருந்து ‘நான் வேறு’ என்று விலகிக்கொள்ளாத பாட்டு. நிறுவனத் தலைவர் நீல் போகார்ட் அதை ஷெர் என்ற வெள்ளையினப் பாடகிக்குக் கொடுக்கலாம் என்றார். டோனா மறுத்தார். அதே தொகுப்பின் ‘ஹாட் ஸ்டஃப்’ பாடலுக்குப் பெண்களுக்கான ராக் பாடகர் கிராமி கிடைத்தது. அந்தப் பிரிவில் கொடுக்கப்பட்ட முதல் விருதே அதுதான்! டிஸ்கோவுக்கென்று தனி கிராமியும் அதே ஆண்டு கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டார்கள்.

1980இல் அவர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அவருடைய மேலாளர்களில் ஒருவர் முதலாளியின் மனைவி என்பதைச் சொன்னாலே அந்த ஒப்பந்தத்தின் லட்சணம் விளங்கும். வழக்குத் தீர்வில் பழைய நிறுவனத்துக்கு ஒரு தொகுப்பு பாக்கி நின்றது. அந்தக் கடனுக்காகக் கொடுத்ததுதான் 1983இன் ‘ஷி வொர்க்ஸ் ஹார்டு ஃபார் த மணி’. லாஸ் ஏஞ்சலஸில் பணக்காரர்கள் கூடும் ஓர் உணவகத்தின் பெண்கள் கழிவறையில், வேலைக் களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த பணியாளரைப் பார்த்துவிட்டு எழுதியது. தொகுப்பின் பின் அட்டையில் அந்தப் பெண்ணும் டோனாவும் ஒரே சீருடையில் நிற்கிறார்கள். எனக்கு அவருடைய எல்லாப் பாடல்களையும்விட அந்தப் படம் பிடிக்கும்.

ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றி இதோடு நிறுத்துவது நேர்மையாகாது. 1980களின் நடுவில், எய்ட்ஸ் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குக் கடவுள் தந்த தண்டனை என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. அப்போது அவர் மறுபடி பிறந்த கிறிஸ்தவர். அவரை முதலில் கொண்டாடிய மக்கள் நண்பர்களை வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். 1989இல் ஆக்ட் அப் அமைப்புக்குக் கடிதம் எழுதினார், 1991இல் அதை அச்சிட்ட ஒரு பத்திரிகை மீது வழக்குத் தொடுத்தார், 1998இல் கார்னகி ஹாலில் எய்ட்ஸ் நிவாரணத்துக்காகப் பாடினார். நான் அவரைக் கைவிட மாட்டேன். ஆனாலும் அந்தக் கடிதம் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டும். சிகாகோவில் தட்டை உடைத்தவருக்கும், அழுதுகொண்டே தட்டைத் திருப்பி அனுப்பியவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைவிட நன்றாக யார் உணர்ந்திருக்க முடியும்?

2012 மே 17 அன்று, 63 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஒரு வாரத்துக்குள் ‘ஐ ஃபீல் லவ்’ பாடலைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்திருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அறிவித்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் உயிரோடிருந்தவரை கிடைக்காத ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ இடம் 2013இல் வந்தது.

சிகாகோவில் அதற்கு வெகுமுன்பே வேறொன்று நடந்திருந்தது. அந்த ஊரின் கறுப்பின டீஜே ஜெஸ்ஸி சாண்டர்ஸ் நிகழ்ச்சிகளில் விரும்பிப் போட்ட தட்டு ஒன்று திருடுபோனது. பல பாட்டுகளின் துண்டுகளை ஒட்டிச் செய்த தட்டு, அதில் ‘பேட் கேர்ள்ஸ்’ பாடலின் கார் ஹாரன் கூவலும் உண்டு. போனதற்குப் பதிலாகத் தாமே ஒன்றைச் செய்துகொள்வோம் என்று 1984இல் ஒரு நண்பரோடு சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ தட்டை வெளியிட்டார். ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். கூட எழுதிய நண்பர், கோமிஸ்கி பார்க்கில் இருக்கை காட்டிக்கொண்டிருந்த அந்த வின்ஸ் லாரன்ஸ்.