உரமே காணாத ஒரு பாத்தி

ஆராய்ச்சிக்காக இங்கிலாந்து போய்வந்தேன் என்று சொன்னால், நம் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே புதுசா என்ன மெஷின் வந்திருக்கு சார்?" என்பதுதான். மெஷின்கள் நிறையவே உண்டு. ஆனால், லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டன் என்ற சிற்றூரில் தங்கி, ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மாதங்களில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்றது ஒரு பழைய கோதுமை வயலின் ஓரத்தில். அந்த வயலுக்கு பிராட்பால்க் என்று பெயர்.

1843 இலையுதிர் காலத்தில் ஜான் லாஸ் என்ற நிலக்கிழாரும் ஜோசப் கில்பர்ட் என்ற வேதியியலாளரும் இங்கே கோதுமை விதைத்தார்கள். ஒரு பாத்திக்குத் தொழு உரம், மற்றவற்றுக்கு விதவிதமான ரசாயன உரங்கள், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. அன்று முதல் இன்றுவரை முழு வயலிலோ அதன் ஒரு பகுதியிலோ கோதுமை விளையாத ஆண்டே இல்லை. இருவரும் 57 ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். லாஸ் 1900இல் இறந்தார், மறு ஆண்டே கில்பர்ட்டும் போனார். பரிசோதனை மட்டும் நிற்கவில்லை.

அந்த ஊருக்குப் பழக எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபரில் விதைத்த கோதுமையை ஆகஸ்டில்தான் அறுக்கிறார்கள். 110 நாளில் குறுவையை முடித்துவிட்டு அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் போடும் நமக்கு, ஒரே பயிர் பத்து மாதம் வயலில் நிற்பதைப் பார்க்கவே பொறுமை வேண்டும்.

உரமே காணாத பாத்தியில் என்ன விளைகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. 180 ஆண்டுகளைத் தாண்டியும் அது பூஜ்யத்துக்கு இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. தொழு உரப் பாத்திக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் எரு போகிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அவ்வளவு மாடு இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த மண்ணில் அங்ககக் கரிமம் உரமில்லாத பாத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் இரண்டொரு ஆண்டில் வந்ததல்ல, பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

இயற்கையா, ரசாயனமா என்று நம் ஊர்க் கூட்டங்களில் நடக்கும் சண்டைக்கு அந்த வயல் சொல்லும் பதில் இரண்டு தரப்புக்குமே ருசிக்காது. சமச்சீராக ரசாயன உரம் பெற்ற பாத்திகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் தொழு உரப் பாத்திக்கு ஏறக்குறைய இணையாகவே விளைந்தன, மண் மலடாகிவிடவில்லை. ஆனால் இன்றைய ரகங்களில் உச்ச விளைச்சல் கிடைப்பது, எருவோடு அளவான தழைச்சத்தும் சேரும் இடத்தில். எரு என்றால் தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. அத்தனை டன் கொட்டும் பாத்தியிலிருந்து நைட்ரேட் அதிகமாகவே நிலத்தடிக்குக் கசிகிறது. பக்கத்தில் 1856 முதல் நடக்கும் புல்வெளிப் பரிசோதனையில் இன்னொரு பாடம் உண்டு. உரமில்லாத இடத்தில் நாற்பது வகைச் செடிகள் வரை வளர்கின்றன. அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பு இடாமல் மண் புளித்துப்போன இடத்தில் இரண்டு, மூன்று வகைப் புற்கள்தான். இதையெல்லாம் மூன்று வருஷத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வயலைவிட என்னை அசத்தியது அங்கிருந்த கிடங்கு. 1843 முதல் எடுத்த தானியம், வைக்கோல், மண் என 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் பாட்டில்களிலும் டப்பாக்களிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில் எடுத்துவைத்த கோதுமையிலிருந்து, இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சைகளின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஏற்ற இறக்கத்துக்கும் காற்றில் கலந்த கந்தகப் புகைக்கும் தொடர்பு இருப்பதை 2005இல் காட்டினார்கள். மூடிவைத்தவர்களுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை. குவிந்துகிடந்த கணக்குகளை அலசத்தான் 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். வேளாண் கல்லூரி மாணவர்கள் இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பரிசோதனைப் புள்ளியியல் அங்கேதான் உருவானது.

இவ்வளவும் வெள்ளைக்காரனுக்குத்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை இன்று நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 1970இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதற்கும் நீண்டகால உரப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கில் வருகிறது, முனைவர் பட்டத்துக்கு இரண்டு போகம் போதும் என்றாகிவிட்டது. அதிகாரி மாறினால் திட்டமும் மாறுகிறது. புதுக் கட்டடத்துக்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது பழைய பரிசோதனை வயல்தான். மாவட்டத்துக்கு ஒரு நிரந்தரப் பாத்தியாவது வேண்டும். இயக்குநர் நினைத்தாலும் கைவைக்க முடியாதபடி அதற்கு அரசாணைப் பாதுகாப்பும் வேண்டும் என்பது என் கருத்து. புதிய ஆய்வகம் கட்டுவதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

அரசு செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் மண்வள அட்டை ஒரு நாளின் படம். பத்து வருஷத்துக்கு முன்பு மண் எப்படி இருந்தது என்று அதனால் சொல்ல முடியாது. வயலின் ஒரு மூலையில் ஒரு சென்ட்டை வரப்பு போட்டுத் தனியாகப் பிரியுங்கள். பக்கத்து உரத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. அங்கே பயிர் வையுங்கள், உரம் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு போகமும் அதைத் தனியாக அறுத்து எடை போட்டு, உரம் போட்ட இன்னொரு சென்ட்டின் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் வாங்கிப் போட்ட மூட்டைகள் உண்மையில் எத்தனை கிலோ நெல் கொடுத்தன என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போய்ப் பாருங்கள்.

மண்ணையும் சேமியுங்கள். அறுவடை முடிந்ததும், அடுத்த உரத்துக்கு முன், பத்துப் பதினைந்து இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி மண் எடுங்கள். ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து, அரை கிலோவை நிழலில் உலர்த்தி, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். தேதி, வயல், முந்தின பயிர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.