பெற்றோர் பகுதி: சரித்திரத்தைக் கூடிப் படித்தல்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் பரீட்சைக் கவலை புகுந்துவிட்டது. கணக்கில் ஐயம் நேர்ந்தால் தந்தையார் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். விஞ்ஞானத்துக்குத் தனி வகுப்பு ஏற்பாடாகிறது. சரித்திரத்தை மட்டும் கவனிப்பார் இல்லை. "படித்தால் வந்துவிடும் பாடந்தானே!" என்பது நம்மவர் எண்ணம். பிள்ளையும் ஒரு மூலையில் அமர்ந்து, ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சமூக அறிவியல் வினாத்தாளில் 80 மதிப்பெண்ணில் 20 சரித்திரத்துக்கு உரியது. அதனை இப்படி விட்டுவிடுவது தகுமா?

அயலூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்றும் உண்டு. உத்தியோக மாற்றத்தால் ஆண்டின் நடுவே வந்து சேரும் பிள்ளை பாதிப் பாடத்தை ஒரு பள்ளியிலும் மீதியை மற்றொரு பள்ளியிலும் கேட்கிறது. சில இல்லங்களில் தாய்மார் அப்பாடப் புத்தகத்தின் மொழியை அறியார். அத்தகைய பிள்ளை யாரிடம் சென்று ஐயம் கேட்கும்?

நான்கைந்து பிள்ளைகள் வாரம் ஒரு முறை ஒரு வீட்டில் கூடிப் பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதே இதற்கு நல்ல வழி. "கூடினால் அரட்டைதான் நடக்கும்" என்று பெற்றோர் பலர் அஞ்சுவர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. முறையின்றிக் கூடினால் அரட்டையே மிஞ்சும். ஆதலின் முறை இன்னதென்று கூறுவோம்.

முதல் விதி, புத்தகத்தை மூடி வைப்பது. 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளநூலறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு கட்டுரைப் பகுதியைப் படித்தனர். பின்னர் ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களை வென்றுவிட்டனர். பலமுறை வாசித்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அப்பழக்கத்தை அறிவென்று பிள்ளை நம்பிவிடுகிறது. நண்பர் எதிரே அமர்ந்து வினவும்போதுதான் தெரிந்ததும் தெரியாததும் வெளிப்படுகின்றன.

இரண்டாவது விதி, பாடத்தைப் பங்கிட்டுக்கொள்வது. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் அரோன்சன் என்பவர் இம்முறையைக் கையாண்டார். ஒவ்வொரு மாணவனும் பாடத்தின் ஒரு துண்டைக் கற்று மற்றவர்க்குச் சொல்லுவான். எவனை விட்டாலும் பாடம் முழுமை பெறாது. "இந்தியாவில் தேசியம்" என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒத்துழையாமைக் காலத்தில் "சுயராஜ்யம்" என்ற ஒரே சொல்லை மக்கள் எவ்வாறெல்லாம் பொருள் கொண்டனர் என்பது அதில் முக்கியமான பகுதி. அயோத்திப் பிரதேசத்தில் பாபா ராமச்சந்திரர் தலைமையில் குடியானவர் ஜமீன்தார்களை எதிர்த்ததை ஒரு பிள்ளை சொல்லட்டும். கூடெம் மலையில் அல்லூரி சீதாராம ராஜுவின் கிளர்ச்சியை மற்றொரு பிள்ளை சொல்லட்டும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கதையை மூன்றாவது பிள்ளை சொல்லட்டும். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தொழிலாளர்கள் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேற இயலாது. அவர்களுக்குச் சுயராஜ்யம் என்பது விரும்பியபடி சொந்த ஊர் சென்று வரும் உரிமை. ஊரை விட்டு வந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

மூன்றாவது விதி, ஆண்டுகளைக் கோவையாக அடுக்குவது. ரௌலட் சட்டம் 1919, ஜாலியன்வாலா பாக் 1919 ஏப்ரல் 13, நாகபுரி காங்கிரஸ் 1920 டிசம்பர், சௌரி சௌரா 1922 பிப்ரவரி, லாகூர் காங்கிரஸ் 1929 டிசம்பர், தண்டி யாத்திரை 1930 மார்ச், காந்தி–இர்வின் ஒப்பந்தம் 1931 மார்ச் என்று நிகழ்ச்சியை ஒரு புறமும் ஆண்டை மறு புறமும் சீட்டுகளில் எழுதுக. ஆண்டு தெரியாதவாறு கலைத்து, பிள்ளைகளை வரிசைப்படுத்தச் சொல்லுக. அத்துடன் நிற்கலாகாது, ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இடையே "ஏன்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டது. காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார்? ஆண்டை மட்டும் அறிந்த பிள்ளை ஒரு மதிப்பெண் பெறும். காரணத்தையும் அறிந்த பிள்ளையே நெடுவிடை எழுதும். வெற்று நிலப்படம் ஒன்றையும் நடுவே விரித்துச் சம்பாரண், கேடா, அமிர்தசரஸ், தண்டி ஆகிய இடங்களைக் குறிக்கப் பழக்குவது நன்று.

நான்காவது விதி நமக்கே உரியது. பிள்ளை முதலில் தமிழில் விளக்கட்டும். பின்னர் அதையே பரீட்சை எழுதும் மொழியில் சொல்லட்டும். மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தாய்மொழியில் மாற்றிச் சொல்ல முற்படும்போது பொருள் விளங்காத இடம் உடனே தெரிந்துவிடும். பாடப் புத்தகத்தின் மொழி அறியாத தாயும் அப்போது ஆசிரியை ஆகலாம். "அப்புறம் என்ன ஆயிற்று? அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று அவர் கேட்டாலே போதும். தண்டி யாத்திரையைச் சொல்லும் பேரனுக்கு, 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்ததைப் பாட்டனார் சொல்லலாம்.

இம்முறையில் கேடுகளும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே பேசிக்கொண்டிருக்க, மற்றவை தலையாட்டும். ஆகவே தயங்கும் பிள்ளையை முதலில் பேசவிட வேண்டும். தெரிந்தவர் இறுதியில் நிரப்பட்டும். ஒருவர் தவறாகச் சொன்னதை அனைவரும் நம்பிவிடுதலும் நேரும். அதற்காகக் கடைசிக் கால் மணி நேரம் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் தமிழ்ப் புத்தகம் 1579-இல் கொச்சியில் அச்சானதாகப் பாடப் புத்தகம் கூறுகிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அதற்கு முந்தியது என்று வீட்டில் கேட்டறிந்த பிள்ளை வாதாடலாம். அவ்வாதம் நல்லதே. அதனைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்கட்டும். பரீட்சைத் தாளில் எதை எழுதுவது என்பதை அவரே சொல்லுவார்.

கூட்டம் ஒன்றரை மணிக்கு மேற்பட வேண்டாம். வாரத்துக்கொரு வீடாக முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கே சுமை ஆகாது. பெண் பிள்ளைகளை அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பைப் பெற்றோர் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்வது நலம். அது முடியாதென்று அவர்களை விலக்கிவிடுவது நியாயமன்று. கூடிய நாளுக்கு மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் தனியே அமர்ந்து ஒரு வினாவுக்கு முழு விடை எழுதிப் பார்க்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் துணைக்கு யாரும் வரமாட்டார்.

உங்கள் குடியிருப்பில் அண்மையில் மாற்றலாகி வந்த குடும்பம் எது என்று எண்ணிப் பாருங்கள். வரும் ஞாயிறன்று அவ்வீட்டுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தொடங்குங்கள்.