தண்டையல் தலையிற் பழி

கோப்பாயிலிருந்து வடக்கே சென்று வல்லைவெளியைக் கடந்தால், சிறிது நேரத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையை அடையலாம். அத்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வைத் தண்டையலும் மாலுமிகளும் செலுத்த, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்தது. இவ்வரலாற்றை வகுப்பிற் கூறியபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, அக்கப்பல் வழியிற் புயலில் மூழ்கியிருந்தாற் பழி யாருக்கு?" என்று வினவினான். "தண்டையலுக்கே" என்று உடனே விடையிறுத்தேன். அவ்விடை எக்காலத்துக்கும் பொருந்துமா என்னும் ஐயம் வீடு திரும்பிய பின்னரே எழுந்தது.

பாய்க்கப்பற் காலத்துக்கு அது பொருந்தும். கரை கண்ணுக்கு மறைந்தபின் தண்டையலுக்கு மேல் ஆணையிடுவார் ஒருவருமிலர். பாயைச் சுருக்குவதும், போக்கை மாற்றுவதும், சரக்கைக் கடலில் எறிந்து உயிரைக் காப்பதும் அவன் சொல்லுக்குட்பட்டவை. அதிகாரம் முழுதும் அவனிடத்து இருந்தமையாற் பழியும் முழுதும் அவனைச் சார்ந்தது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். 2021 மே 17ஆம் நாள், டவ்தே புயலில், மும்பைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளருகே நின்ற பி-305 என்னும் மிதவைக் கலம் நங்கூரங்கள் அறுந்து மூழ்கியது. அதிலிருந்த 261 பேருள் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கையைக் கலத்தலைவர் பொருட்படுத்தவில்லை என்று உயிர் தப்பிய தலைமைப் பொறியாளர் முறையிட்டார். காவற்றுறையினர் வழக்குப் பதிந்தனர். அவ்வேளை தலைவரோ காணாமற்போனோருள் ஒருவர்! தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவர் இல்லை. அக்கலத்துக்குத் தானே நகரும் இயந்திரமும் இல்லை. இழுவைக் கப்பல் இழுத்தாலன்றி அது பெயராது. அங்ஙனமாயின் அதனை உரிய காலத்திற் கரைசேர்க்கும் கடமை அவர் ஒருவருடையது மட்டுமாகுமா?

இதனாற் கலத்தலைவர்க்குப் பழியே இல்லை என்று கூறினேனல்லேன். 2015 ஒக்டோபரில் எல் பாரோ என்னும் அமெரிக்கக் கப்பல் சூறாவளியிற் சிக்கி 33 பேருடன் மூழ்கியது. போக்கை மாற்றலாமென உடனிருந்த அதிகாரிகள் உரைத்தும் தலைவர் மாற்றவில்லை. அவர் நம்பியதோ பழைய வானிலைச் செய்தி. விசாரணை செய்தோர் அவர் தவற்றை மறைக்கவில்லை; கப்பல் நிறுவனத்தின் மேற்பார்வைக் குறையையும் உடன் எடுத்துரைத்தனர். நடுவுநிலைமை என்பது இதுவன்றோ!

கடலில் உயிர்ப்பாதுகாப்புக்குரிய அனைத்துலக உடன்படிக்கை, உயிர் காக்கத் தலைவர் செய்யும் முடிவை உரிமையாளர் தடுத்தலாகாது என்று விதிக்கின்றது. நன்று. ஆயினும், புயலுக்கஞ்சி வேலையை நிறுத்திய தலைவர், புயல் திசைமாறிப் போய்விட்டால், மறுமுறை வேலைக்கு அழைக்கப்படுவாரா? அவ்வச்சம் நீங்காதவரை அவ்விதி ஏட்டுச் சுரைக்காயே. தெரிந்துவினையாடல் என்றோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தக்கவனை ஆராய்ந்து வினையை ஒப்படைத்தபின் அவ்வினைக்குரிய உரிமையையும் அவனுக்கே விடவேண்டுமென்றார். உரிமையைக் கரையில் வைத்துக்கொண்டு பழியை மட்டும் கடலுக்கு அனுப்புதல் அறமாகாது.

நாளை வகுப்பில் என் விடையைத் திருத்துவேன். "தம்பி, கலத்தை நிறுத்தவும் திருப்பவும் யார் யாருக்கு வல்லமை இருந்ததென்று முதலிற் கேள்; அவ்வல்லமை எவ்வளவோ பழியும் அவ்வளவே."