சேர்வர் எங்கே இருந்தால் என்ன?

போன மாரியில் ஸ்காபரோவில் ஓர் அக்கா தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதை எப்படியாவது அழிக்கேலுமோ?"

அவருடைய பெயரைக் கூகிளில் தட்டினால் முதலில் வருவது அவரது அகதி வழக்கின் தீர்ப்பு. தடுப்பில் அவருக்கு நடந்தது, வைத்தியர் எழுதிக் கொடுத்தது, ஊரில் இன்னும் இருக்கும் சகோதரனின் பெயர், எல்லாம் அதில் கிடந்தன. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் வாசித்துவிட்டார்கள். வெளியிட்ட தளத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டோம். "சேர்வர் வெளிநாட்டில இருக்கு. எங்கட சட்டம் அங்க செல்லாது" என்றார்.

அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

கனடாவில் அகதி விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கிறது. நிராகரிக்கப்பட்டவர் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனால் கதவு திறந்துவிடும். பெயரை மறைக்கும் உத்தரவு பெறாதவரின் தீர்ப்பு பெயரோடு பொதுவெளிக்கு வரும். நீதி வெளிப்படையாக நடக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தீர்ப்புகளை இலவசமாக வெளியிடும் கான்லீ தளமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் தேடுபொறிகள் அந்தத் தீர்ப்புகளை அட்டவணைப்படுத்தாதபடி அது வேலி போட்டிருக்கிறது. வழக்கைத் தேடுபவருக்கு வழக்குக் கிடைக்கும். ஆளின் பெயரைத் துழாவுபவருக்குக் கிடைக்காது.

இந்த வேலியை உடைத்தது ருமேனியாவில் ஒருவர் நடத்திய குளோப்24எச் என்ற தளம். கனடியத் தீர்ப்புகளை அள்ளிக்கொண்டுபோய்த் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது. விரைவாக நீக்கவேண்டுமென்றால் காசு கேட்டது. பாதிக்கப்பட்டவர்கள் கனடாவின் தனியுரிமை ஆணையாளரிடம் முறையிட்டார்கள். "நான் ருமேனியாவில் இருக்கிறேன், கனடியச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது" என்பதே நடத்தியவரின் வாதம்.

2017 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்ளடக்கம் கனடாவுடையது, குறிவைக்கப்பட்டவர்கள் கனடாவில் இருப்பவர்கள், பாதிப்பும் இங்கேதான். ஆகவே மெய்யான, கணிசமான தொடர்பு இருக்கிறது. கனடியச் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்புகளை நீக்கவும், வழக்குத் தொடுத்தவருக்கு 5,000 டொலர் நட்டஈடு கொடுக்கவும் கட்டளையிட்டது. ருமேனியாவின் தரவுப் பாதுகாப்பு அமைப்பும் 2014இலேயே அவருக்குத் தண்டம் விதித்திருந்தது. இரண்டு நாடுகளின் சட்டங்களும் ஒரே ஆளை எட்டின. சேர்வர் எங்கே என்ற கேள்வி அங்கே முட்டுக்கட்டையாகவில்லை.

ஆனால் எல்லோருடைய இழப்பையும் நீதிமன்றங்கள் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. அதே 2017இல் கனடிய உச்ச நீதிமன்றம், எக்வஸ்டெக் என்ற நிறுவனத்தின் தொழில் இரகசியத்தைக் காக்க, எதிராளியின் தளங்களை உலகம் முழுவதிலும் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி கூகிளுக்குக் கட்டளையிட்டது. 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ, ஒரு தனிமனிதர் தன் பெயரில் வரும் இணைப்பை நீக்கச் சொன்னால், அதை ஐரோப்பாவுக்கு வெளியேயும் நீக்கும் கடமையை ஐரோப்பியச் சட்டம் கூகிள் மேல் சுமத்தவில்லை என்றது. நீதிமன்றங்கள் வேறு, சட்டங்கள் வேறு என்பது எனக்குத் தெரியும். என்றாலும் வியாபாரியின் இரகசியத்துக்கு உலகமே எல்லை, அகதியின் இரகசியத்துக்குக் கண்டமே எல்லை என்றால், அதை நியாயம் என்று என்னால் ஏற்கமுடியாது.

இங்கே நண்பர்கள் என்னை மறிப்பார்கள். "எல்லை தாண்டும் அதிகாரத்தை நீயே கேட்கிறாயா? 2007இல் தமிழ்நெற்றை இலங்கைக்குள் முடக்கினார்களே, மறந்துவிட்டாயா?" மறக்கவில்லை. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாட்டுக்கு வெளியே இருந்து எழுதுபவரையும் அது குறிவைக்கிறது. எது பொய்க்கூற்று என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. "தீங்கான வெளிநாட்டுத் தளம்" என்ற சொல் அரசின் வாயில் என்னவாகும் என்பதை எங்களைவிட யார் அறிவார்?

அதனால்தான் கோட்டை எங்கே கீறுவது என்று நாங்களே சொல்லவேண்டும். முறையிடுபவர் அம்பலப்படுத்தப்பட்ட மனிதராக இருக்கவேண்டும், கோபப்பட்ட அரசாக இருக்கக்கூடாது. தீர்மானிப்பது இரு பக்கமும் கேட்கும் நீதிமன்றமாக இருக்கவேண்டும், ஜனாதிபதி நியமித்த குழுவாக இருக்கக்கூடாது. மறைக்கப்படுவது ஒருவரின் அடையாளமாக இருக்கவேண்டும், ஊரறிய வேண்டிய செய்தியாக இருக்கக்கூடாது. குளோப்24எச் வழக்கு இந்த மூன்று சோதனைகளிலும் தேறும். தமிழ்நெற் முடக்கம் ஒன்றிலும் தேறாது.

இன்னொன்றையும் கேட்கிறேன். அகதித் தீர்ப்புகளில் பெயரை மறைப்பதே வழமையாகட்டும். வெளியிட விரும்புபவர் காரணம் காட்டட்டும். இப்போது சுமை தலைகீழாக இருக்கிறது. மொழி தெரியாமல், நாடுகடத்தப்படும் பயத்தோடு நீதிமன்றத்துக்கு ஓடுபவர், இப்படி ஓர் உத்தரவு கேட்கலாம் என்பதை அறிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. எங்கள் அமைப்புகள் வருடம் முழுக்க விழா எடுக்கின்றன. ஒரு வருடமாவது இதற்காக மனுக் கொடுக்கட்டும்.

அக்காவின் பக்கம் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது. சென்ற மாதம் அவரது குசினி மேசையில் இருந்து தனியுரிமை ஆணையாளருக்கு முறைப்பாடு எழுதினோம். ருமேனியத் தளத்தின் மீதான தீர்ப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்: "தம்பி, இந்தக் கடிதமும் வெளியில வருமோ?"